துண்டுப்பிரதிக்கு முன் மொழி

பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் சிலையாக நிற்கும் பெர்டினாண்ட் கிட்டல், 1853இல் பாசல் மிஷன் ஊழியராக இந்தியா வந்த ஜெர்மானியர். சமணரான கேசிராசர் இயற்றிய கன்னட இலக்கணமாகிய ‘சப்தமணிதர்ப்பண’த்தை 1872இல் பதிப்பித்தார், 1894இல் கன்னட–ஆங்கில அகராதியை அளித்தார். பிற சமயத்தார் நூலையும் போற்றிய அவ்வுழைப்பே கன்னடர் நெஞ்சில் அவருக்கு இடம் தந்தது.

இதே நகரில் தலைமுறைகளாய் வாழும் தமிழ்க் கிறித்தவர் சிலரோ, அண்டை வீட்டாரைக் கன்னடத்தில் நலம் விசாரிக்கவும் கல்லாமல், துண்டுப்பிரதி நீட்டுவதையே சாட்சி என்கின்றனர். நோயுற்றவருக்குக் கஞ்சி கொண்டுசெல்லுங்கள். அவர் கவலையை அவர் மொழியிலேயே கேளுங்கள். அவரே வினவும்போது உங்கள் விசுவாசத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கர்நாடகம் 2022இல் இயற்றிய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் காட்டி அஞ்சுவோரும் உளர். அண்டை வீட்டார் மொழியைக் கற்பதை எச்சட்டமும் தடுக்கவில்லையே!