தனியாக ஓடுபவர்களும் விம்கோ நகரும்

நெடுந்தூர ஓட்டக்காரனை ஒரு தனியனாகவே இலக்கியம் நமக்குப் பழக்கியிருக்கிறது. ஆலன் சில்லிடோ 1959இல் வெளியிட்ட கதையின் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவன் தனியே ஓடுகிறான். வெல்லக்கூடிய பந்தயத்தில் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நின்றும் விடுகிறான். ஓட்டத்தைப் பற்றி 2007இல் ஒரு நூலே எழுதிய ஹாருகி முரகாமிக்கும் அது பெரும்பாலும் தனிமையின் ஒழுக்கம்தான். வாசிப்புப் பழக்கமுள்ள நம்மவர்கள் குழுவாக ஓடுவதைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதற்கு இந்த வாசிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே நிறச் சட்டை, பதக்கம், ஓடி முடித்ததும் புகைப்படம்! இளக்காரத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

எனினும் விம்கோ நகரில் முதன்முதலாக ஓட இறங்கும் ஒருவருக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, தனிமை அப்படியொன்றும் பேறு அல்ல. விடியுமுன் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்; உட்தெருக்களில் நாய்கள். கடற்கரைக்குப் போகலாமென்றால் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே பல இடங்களில் கரையாக இருக்கின்றன. இங்கே துணை என்பது ஆடம்பரமல்ல.

எந்தக் குழுவில் சேர்வது? 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் போன்ற பெரிய அமைப்பில் சேருங்கள் என்பதே வழக்கமான அறிவுரை. நல்ல அமைப்பு என்பதில் ஐயமில்லை. நகரின் பல பகுதிகளில் அதற்குக் கிளைகளும் உண்டு. ஆனால் இந்நகரத்து ஓட்டத்தின் முகம் தெற்கு நோக்கியது. சென்னை மாரத்தானே நேப்பியர் பாலத்தில் தொடங்கித் தெற்கேதான் போகிறது. 2024 சனவரியில் அந்த ஒருநாளுக்காக மெட்ரோ ரயில் அதிகாலை 3 மணிக்கே புறப்பட்டது. மற்ற நாட்களில் முதல் ரயில் 5 மணிக்கு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட அந்தத் தடத்தில் ஏறி அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஓடி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே தொடக்கநிலையில் இருப்பவர், புகழைப் பார்க்காமல், நடந்து போகக்கூடிய தொலைவில் ஐந்து பேர் கூடினாலும் அந்த ஐவரோடு சேர்வதே நல்லது என்பது நமது கருத்து.

சேருமுன் ஒருநாள் சும்மா போய்ப் பார்க்க வேண்டும். முன்னால் ஓடுபவரையல்ல, கடைசியில் வருபவரை. அவருடன் யாராவது வருகிறார்களா? 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் வெறும் 13 பேருடன் தொடங்கிய வாராந்திர ஓட்டம்தான் பின்னர் ‘பார்க்ரன்’ என்று பல நாடுகளுக்குப் பரவியது. கட்டணமில்லை. எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே அங்கே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். யாரும் தாம்தான் கடைசி என்று கூச வேண்டியதில்லை. அதுபோல, ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பது, அதையே இருபது நிமிடம் மாற்றி மாற்றிச் செய்வது என்பது புதியவர்களுக்கான பழைய, நிரூபணமான முறை. அப்படி நடப்பவரைக் கண்டு சிரிக்கும் குழுவிலிருந்து அன்றே விலகிவிடலாம்.

இன்னொரு கேள்வி நம் பகுதிக்கே உரியது: காற்று எங்கிருந்து வீசுகிறது? வைகறையில் ஓடுவதே சிறந்தது என்பார்கள். இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நமக்கு மேற்கே இருப்பது மணலி, அதன் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். கடற்காற்று வரப் பிற்பகலாகும். வடகிழக்குப் பருவத்திலோ எண்ணூர்ப் பக்கத்துக் காற்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை யாரும் மறந்திருக்க முடியாது. கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிய, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடி வந்தார்கள். மணலியில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது, அதன் எண்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து "இன்று வேண்டாம், மாலையில் கூடுவோம்" என்று சொல்லத் தெரிந்த குழுவே இங்கே நல்ல குழு.

கூடிப் பயில்வது வடசென்னைக்குப் புதிதுமல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் தம் குத்துச்சண்டை வீரர்களை வளர்த்தது கூட்டத்தில்தான். வாத்தியாரின் கண் எப்போதும் மேலே இருந்தது. ஓடுவதற்கு அப்படியொரு ஏற்பாடு அருகில் இல்லையென்றால், ஒரே தெருவில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிவிடலாம். இடம்தான் சிக்கல். மாரத்தானுக்காக 3 மணிக்கு ரயில் விட முடிகிற ஊரில், பள்ளி மைதானங்களின் கதவைக் காலையும் மாலையும் இரண்டு மணிநேரம் திறந்து வைக்கச் சொல்லி மாநகராட்சியைக் கேட்பது பெரிய கோரிக்கையல்ல. அந்த மூவரின் முதல் வேலை அந்த மனுவை எழுதுவதாகவே இருக்கலாம்.