வீரம் உண்டு, ஏணி எங்கே?

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணை நம் மாணவ நண்பர்கள் பலரும் பார்த்திருப்பர். 1741-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரை இம்மண்ணில் தோற்கடித்ததன் நினைவுச் சின்னம் அது. இன்று மாலை மயங்கியபின் அந்தப் பக்கம் நின்றால், கடலின் இரைச்சலையும் மீறி வேறோர் இரைச்சல் காதில் விழும். மேற்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள்களை விரட்டிச் செல்லும் நம் இளைஞர்களின் இரைச்சல் அது.

எங்கள் தெருவில் என்னைவிட மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வள்ளத்து எஞ்சினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டக் கூடியவர். வண்டி ஓட்டுவதிலும் அவருக்கு இணை இல்லை என்று ஊரில் பேச்சு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பந்தயம் கட்டி ஓட்டியபோது, மணல் படிந்த ஒரு வளைவில் வண்டி சறுக்கி வலது கால் முறிந்தது. இன்று அந்தக் காலில் தகடு இருக்கிறது. கடலுக்குப் போக முடியவில்லை; ஒர்க்‌ஷாப் ஒன்றில் உட்கார்ந்த வேலை பார்க்கிறார். அவருடைய தம்பி பத்தாம் வகுப்பு மாணவன். அவனுக்கும் அதே பித்து. அண்மையில் அவன் என்னிடம் கேட்டான்: “அண்ணே, ரோட்டுல ஓட்டாண்டாம்னு எல்லாரும் சொல்லுகாவ. செரி. அப்பம் எங்க போயி ஓட்டணும்? அதுல எதிர்காலம் உண்டுமா?”

பட்டப்படிப்பு படிக்கிற எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தேன், எண்ணிப் பார்த்தேன். அந்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை 18 வயது நிறையாதவர் ஓட்ட உரிமம் கிடையாது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், 2019-இல் வந்த திருத்தத்தின்படி அவனுடைய பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டுச் சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம். இதெல்லாம் தேவையான சட்டமே. ஆனால் சட்டம் “இங்கே ஓட்டாதே” என்று மட்டுமே சொல்லும். எங்கே ஓட்டுவது என்று காட்ட வேண்டியது நாடும் சமூகமும் அல்லவா?

காட்டுவதற்குத் தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவின் மோட்டார் பந்தயத்துக்குத் தொட்டிலாக இருந்ததே தமிழ்நாடுதான். 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனித் தடத்தை அமைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், எளியோரும் எட்டிப் பிடிக்கக் கூடிய செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் உருவாக்கிய சிறு கார்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 களத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். மலிவான முதற்படி ஒன்று இருந்தால் ஒருவன் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மோட்டார் சைக்கிளிலும் நம்மவர் பின்தங்கிவிடவில்லை. ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 1982-இலேயே பந்தயப் பிரிவைத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-இல் 125 சி.சி. உலகத் தொடரில் களமிறங்கினார். 2023-இல் நொய்டாவுக்கு அருகிலுள்ள புத் தடத்தில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜி.பி. நடந்தபோது, மோட்டோ 3 பிரிவில் கே.ஒய். அகமது சிறப்பு அனுமதி பெற்றார். ஹோண்டா நிறுவனம் 2018-இல் தொடங்கிய இளையோர் கோப்பைப் போட்டிகள் வழியே சென்னையின் கவின் குவின்டால் ஆசிய அளவுக்கு வளர்ந்தார். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024-இல் உலகின் கடினமான டக்கார் பந்தயத்தில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிசே 2019-இல் பெண்களுக்கான உலகக் கோப்பையை வென்றார். எனவே இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விளையாட்டு என்று என் வகுப்புத் தோழிகள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்கும் உற்சாகம் பிறந்தது. ஆயினும் பத்தாம் வகுப்புத் தம்பிக்குப் பட்டியலை மட்டும் காட்டினால் அவனை ஏமாற்றியவன் ஆவேன். உச்சிக் கிளையில் சில கனிகள் தெரிகின்றன. அங்கே ஏறும் ஏணியில் பல படிகள் இல்லை. அந்த உண்மையையும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

முதற்குறை தூரம். குளச்சலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கோயம்புத்தூரும் ஓர் இரவுப் பயணம். மதுரைக்குத் தெற்கே வாழும் சிறுவன் ஒருவன் தன் திறமை எவ்வளவு என்று அறிந்துகொள்வதற்கே ஊர்விட்டு ஊர் போக வேண்டும். இரண்டாவது குறை பணம். சில நிறுவனங்கள் தாம் நடத்தும் போட்டிகளில் வண்டியைத் தாமே தருகின்றன, இது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தேர்வு நாளுக்கு முன்னால் பழகுவதற்கு வண்டி வேண்டும். தோலுடையும் நல்ல தலைக்கவசமும் வேண்டும். டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். நாள்தோறும் கடலை நம்பும் வீட்டில் இதற்கு யார் கொடுப்பார்? மூன்றாவது குறை, நடுவில் அறுபட்ட பாதை. தேசிய அளவில் வென்றவனுக்கு அடுத்து ஆசியா, அதற்கடுத்து உலகம். ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுவனமோ செல்வந்தரோ கைகொடுத்தால்தான் மேலே போகலாம். சரத்குமாரின் அந்த உலகப் பருவமே முழுமை பெறாமல் முடிந்தது. நிறுவனம் தன் விளம்பரத் திட்டத்தை மாற்றிக்கொண்டால் வீரனின் வாழ்வும் மாறிவிடும்.

இவற்றினும் பெரியது உயிர். 2023 ஆகஸ்ட் 5 அன்று, தேசியப் போட்டி ஒன்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஷ்ரேயாஸ் ஹரீஷ் இருங்காட்டுக்கோட்டையில் விழுந்து உயிரிழந்தான். தடம், தலைக்கவசம், மருத்துவர் எல்லாம் இருந்தும் ஆபத்து அடியோடு நீங்கிவிடாது. 2021-இல் ஐரோப்பாவிலும் மூன்று இளம் வீரர்கள் பந்தயத்தில் மாண்டனர். அவர்களில் இருவர் 14, 15 வயதினர். அதன்பின் உலகக் கூட்டமைப்பு, கிராண்ட் பிரி போட்டிகளுக்கான குறைந்த வயதை 2023 முதல் 18 ஆக உயர்த்தியது. சிறுவரைப் பழக்கலாம்; அவசரப்படுத்தலாகாது என்பதே அதன் பொருள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இங்கே இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு உதவும். அந்நாட்டில் 1928 முதல் ‘ஸ்பீட்வே’ என்றொரு பந்தயம் நடந்து வருகிறது. முட்டை வடிவ மண் தடத்தில் நான்கு வீரர் நான்கு சுற்று ஓட்டுவர். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 500 சி.சி. வண்டிக்குப் பிரேக் கிடையாது, கியரும் ஒன்றே. தடத்தின் நீளம் ஏறத்தாழ 260 முதல் 425 மீட்டர். நம் ஊர்க் கால்பந்து மைதானத்தைச் சுற்றி வளைத்தால் அதற்குள் அடங்கிவிடும்! கோடிகளைக் கொட்டிய தார்த் தடம் இல்லாமலேயே சிற்றூர் இளைஞரும் உலக வீரர் ஆன விளையாட்டு இது.

அங்கும் இப்போது கவலை சூழ்ந்திருக்கிறது. கோவென்ட்ரி, பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் போன்ற ஊர்களின் புகழ்பெற்ற அரங்குகளில் ஸ்பீட்வே நின்றுபோனது. இங்கிலாந்து இளைஞருக்கு எதிர்காலம் உண்டா என்று அங்குள்ளோர் கேட்கிறார்கள். ஆயினும் 2021-லும் 2024-லும் நாடுகளுக்கிடையேயான கோப்பையைப் பிரிட்டன் வென்றது. அந்த அணியின் ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும் போலந்து நாட்டுச் சங்கங்களுக்காக ஓட்டித் தேறியவர்கள். போலந்தில் இந்த விளையாட்டுக்குப் பெருங்கூட்டம் வருகிறது, பணமும் கிடைக்கிறது. அங்கே ஒரு விதியும் உண்டு: ஒவ்வோர் அணியும் 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு இளைஞருக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு சங்கமும் வேறு வழியின்றித் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. இளைஞனின் எதிர்காலம் அவனுடைய துணிச்சலால் மட்டும் அமைவதில்லை. ஊருக்குள் ஒரு சிறு தடமும், அவனுக்கென ஓர் இடத்தை ஒதுக்கும் விதியும் சேர்ந்தே அதை அமைக்கின்றன. இதுவே நான் கண்ட பாடம்.

ஆகவே என் கருத்துகள் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். தென் மாவட்டங்களில் ஓரிடத்திலாவது அரசு சிறியதொரு மண் தடம் அமைக்கட்டும். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருவிலேயே கார்ப் பந்தயம் நடத்தத் துணை நின்ற அரசுக்கு இது பெரிய வேலை அன்று. சிறுவருக்குச் சிறு வண்டி, பயிற்சி பெற்ற ஆசிரியர், வாசலில் ஆம்புலன்ஸ். இம்மூன்றும் இல்லாத நாளில் தடத்தின் கதவு திறக்கக் கூடாது. வண்டி விற்று லாபம் காணும் நிறுவனங்கள் தம் அணிகளில் சிற்றூர் இளைஞருக்குச் சில இடங்களை ஒதுக்கட்டும். வீரர் விழுந்தால் மருத்துவச் செலவையும், விலகினால் ஒரு வேலையையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். பந்தயத்தில் கற்ற கை வீணாவதில்லை. சென்னையின் ரஜினி கிருஷ்ணன், தாம் ஓட்டியதோடு நில்லாமல் பயிற்சிப் பள்ளி தொடங்கிப் பிறருக்கும் கற்பித்தார். வண்டிகளைச் சோதித்து ஓட்டுவோர், மெக்கானிக்குகள், பயிற்சியாளர் எனப் பல வேலைகள் இத்துறையைச் சுற்றி உள்ளன.

“மீனவன் மகனுக்கும் விவசாயி மகனுக்கும் இந்தப் பணக்கார விளையாட்டு எதற்கு? தேர்வெழுதி அரசு வேலைக்குப் போகட்டும். விளையாட வேண்டுமானால் பந்து இருக்கிறது” என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் கடலோர ஊர்களின் கால்பந்துக்கு நானும் அடிமைதான். ஆனால், நாம் தடம் அமைத்தாலும் அமைக்காவிட்டாலும் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வளைவில் கிடக்கும் மணலும், எதிரே வரும் மீன் லாரியும், சாலையைக் கடக்கும் பாட்டியும் அவர்களுடைய தடத்தில் இருக்கின்றன. தடம் அமைத்தால் சாலைப் பந்தயம் முற்றும் ஒழியும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். “இங்கே வேண்டாம்” என்று சொல்லும் உரிமை மட்டும், “அங்கே வா” என்று அழைக்கத் தெரிந்தவருக்கே உண்டு என்பேன்.

மீண்டும் வெற்றித்தூணுக்கு வருகிறேன். போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை மார்த்தாண்டவர்மா என்ன செய்தார்? தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்ற அவர் 1777-இல் மறையும் வரை திருவிதாங்கூருக்கு உழைத்தார்; உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. போரில் வென்ற மன்னரே தம் படையின் வீரம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று உணர்ந்திருந்தார். அந்த அறிவு நமக்கும் வேண்டாமா?

தம்பிக்கு நான் சொல்லும் விடை இதுதான்: “எதிர்காலம் உண்டும், ஆனா ஒடுங்கின பாதை. பத்தாவதை முடி. பெறவு ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ எஞ்சின் வேலையைப் படி. வயசு வந்து, லைசென்ஸ் எடுத்த பெறவு தடத்துல போயி உன் கையப் பாரு. செயிச்சா ஓட்டு, செயிக்கலேன்னா உன் கையில ஒரு தொழில் நிக்கும். அதுவரைக்கும் சாயங்காலம் அந்த ரோட்டுப் பக்கம் போவாண்டாம். உன் அண்ணனைப் பாத்தாப் போதும்.”

அவன் தலையாட்டினான். ஆனாலும், “அந்தத் தடம் நம்ம பக்கம் எப்பம் வரும்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் ஒருவன் விடை சொல்ல முடியாது. ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சேர்ந்தே அதற்கு விடை சொல்ல வேண்டும்.