ஆன்லைன் கேமுக்காக டி.எம்.இசட். வேண்டாமே!

ப்ளேஸ்டேஷனில் ‘நாட் டைப் 3’ என்று காட்டினால், நண்பர்களுடன் ஆன்லைனில் சேர்ந்து ஆடுவது சிரமம். எக்ஸ்பாக்ஸில் இதையே ‘ஸ்ட்ரிக்ட்’ என்பார்கள். ‘ரூட்டரில் டி.எம்.இசட். ஆன் செய், சரியாகிவிடும்’ என்று பலர் யோசனை சொல்வார்கள். இதைக் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து.

வெளியிலிருந்து அழைக்காமல் வரும் இணைப்புகளை ரூட்டர் தடுத்துவிடும். டி.எம்.இசட்.டில் ஒரு ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரிக்கு வரும் எல்லா போர்ட்களும், அதாவது எல்லா வழிகளும், திறந்துவிடும்.

சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானே இதைச் செய்தேன். தம்பியின் கன்சோலுக்கு அன்று கிடைத்திருந்த 192.168.1.5 என்ற முகவரியை டி.எம்.இசட்.டில் போட்டேன். கன்சோல் சில நாட்கள் அணைந்திருந்தது. அதே முகவரியை ரூட்டர் அப்பாவின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டது. அவர் பேங்க் கணக்கு பார்ப்பது அதில்தான்! தற்செயலாகக் கண்டுபிடித்தேன். நல்லவேளை, எதுவும் பறிபோகவில்லை.

சரியான வழி இதுதான். முதலில் ரூட்டரின் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் கன்சோலுக்கு நிலையான முகவரி கொடுங்கள். பிறகு ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ பகுதியில் தேவையான போர்ட்டை மட்டும் அந்த முகவரிக்குத் திறந்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் என்றால் 3074.

அப்படியும் சரியாகவில்லையா? ரூட்டரின் ‘வேன் ஐ.பி.’ 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரே பொது முகவரியைப் பலருக்கும் பகிர்ந்து தருகிறார்கள் என்று பொருள். உங்கள் ரூட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. இன்டர்நெட் நிறுவனத்திடம் தனி ‘பப்ளிக் ஐ.பி.’ கேளுங்கள்.

ஏற்கனவே டி.எம்.இசட். ஆன் செய்திருந்தால், இன்றே ஆஃப் செய்துவிடுங்கள்.