கோட்டாவும் வீடும்

ராஜஸ்தான் மாநிலம் கோட்டா நகரில் நுழைவுத் தேர்வுக்குப் பயின்ற மாணவர்களின் தற்கொலைகள் பெருகியதையடுத்து, பயிற்சி மையத் தேர்வுகளை இரு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு மாவட்ட நிர்வாகம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்தக் கோரிய மனுவை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், பெற்றோரின் அளவுகடந்த எதிர்பார்ப்பே இதற்குக் காரணம் என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டது.

பெற்றோர் பலருக்கு இது கசந்திருக்கும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2023-ல் ஐஐடிக்களில் இருந்த இடங்கள் ஏறத்தாழ 17 ஆயிரம்; அதற்கான இறுதித் தேர்வை எழுதியோர் சுமார் 1.80 லட்சம் பேர். இந்தக் குறுகிய வாயிலை அமைத்தவர்கள் பெற்றோர் அல்லர்.

ஆயினும், தொலைபேசியில் முதலில் மதிப்பெண்ணையும் பிறகே சாப்பாட்டையும் விசாரிப்பவர்கள் அவர்கள்தாம். வாங்கிய கடனை அடிக்கடி நினைவூட்டினால், பாடமும் பிள்ளைக்குக் கடனாகவே தோன்றும். குறைந்த மதிப்பெண்ணை மறைக்கப் பழகிய பிள்ளை, வகுப்பில் ஐயம் கேட்கவும் கூசுகிறது. தவறாகப் போட்ட கணக்கை அச்சமின்றி எடுத்துக் காட்டும் துணிவு வீட்டில் வரவேண்டியது. எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் கோட்டாவில் கிடைக்காது.

பதினாறு வயது நிரம்பாதோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாதென மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், பிடிக்கவில்லையெனில் திரும்பி வந்துவிடலாம் என்று ரயிலேற்றும்போதே பிள்ளையிடம் சொல்லுமாறு எந்த நெறிமுறையும் பெற்றோரைக் கட்டாயப்படுத்த இயலாது.