பிள்ளையின் தற்காப்பு இடத்தை ஏஜெண்டிடம் விற்காதீர்கள்!



எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு 6 கிரெடிட். பிசினஸ் படிக்க ஆசை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. யு.பி.யு. விண்ணப்பத்தில் பெயர் பெற்ற 2 பல்கலைக்கழகங்களை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பதில் வர இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் தனியார் கல்லூரி ஏஜெண்ட் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். "அக்கா, இடம் நிச்சயம். பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடுங்கள்!"

கையெழுத்து போடுகிறோம். அன்றைக்கே பிள்ளையின் தலையில் கடன் ஏறுகிறது.

ஏன் போடுகிறோம்? பயம்! இடமே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

தற்காப்பு இடம் என்றால் என்ன? அதற்கு 3 தகுதிகள் வேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அது கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்குள் செலவு அடங்க வேண்டும். முடித்த பிறகு மேலே ஏற வழி இருக்க வேண்டும். ஏஜெண்ட் காட்டும் இடம் பெரும்பாலும் முதல் தகுதியோடு நின்றுவிடுகிறது. கடன் வாங்கித்தான் உள்ளே போக முடியும் என்றால் அதற்குப் பெயர் தற்காப்பா?

இந்த நாட்டில் தற்காப்பு இடம் எல்லாருக்கும் சமமாக இல்லை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்வோம். நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகமான யு.ஐ.டி.எம்., மாநிலந்தோறும் வளாகம் வைத்து வணிக டிப்ளோமா நடத்துகிறது. அது பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும். மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவு உண்டு, ஓராண்டில் முடிந்துவிடும். அங்கே 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு. மீதி 10 விழுக்காட்டில் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும் அடங்க வேண்டும். 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். விகிதம் அப்படியே இருந்தது. 2024-இல் 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் 6 கிரெடிட் எடுத்த லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு பூமிபுத்ராக்களின் சிறப்பு நிலையைச் சொல்கிறது. அதே பிரிவு மற்ற இனங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. முதல் பாதியை மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இரண்டாம் பாதியைப் பேசியதுண்டா?

ஆகவே நம் பிள்ளையின் பட்டியல் தொடங்குவதற்கு முன்பே சுருக்கப்பட்டிருக்கிறது. சுருக்கப்பட்ட பட்டியலை நாமே மேலும் சுருக்கலாமா? யு.பி.யு. 12 தேர்வுகள் வரை தருகிறது. இரண்டை மட்டும் போட்டு பத்தை விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு?

கவனமாகச் செய்யுங்கள்.

முதலாவது, 12 இடத்தையும் நிரப்புங்கள். யு.பி.யு. வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் தகுதி விதி இருக்கிறது. முந்தைய ஆண்டின் சராசரி மெரிட் மதிப்பெண்ணும் போட்டிருக்கும். பிள்ளையின் மெரிட்டை அதோடு ஒப்பிடுங்கள். கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்பதே கணக்கு. சராசரி பிள்ளையின் மெரிட்டுக்கு மேல் உள்ளவை 3, ஏறக்குறைய சமமானவை 5, நன்றாகக் கீழே உள்ளவை 4. அந்தக் கடைசி நான்குதான் தற்காப்பு. தகுதி விதி பொருந்தாத படிப்பைப் போட்டால் அந்த இடம் வீண்.

இரண்டாவது, பாலிடெக்னிக்கை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 1969-இல் ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக் தொடங்கிய காலத்திலிருந்து அது அரசாங்கக் கல்வி. நம் வரிப்பணம்! வணிகமும் கணக்கியலும் அங்கே டிப்ளோமாவாக இருக்கின்றன. நல்ல புள்ளியோடு முடித்தால் அதே யு.பி.யு. வழியாகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, ஆறாம் படிவம். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கப் பள்ளி, கடன் இல்லை. வணிகம், பொருளியல், கணக்கியல் பாடங்கள் உண்டு. தமிழ் மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். நல்ல எஸ்.டி.பி.எம். தேர்ச்சிக்கு 1984-இல் நிர்வாகத் துறைக்கென்றே தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் முதல் மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் வரை கதவு திறக்கும்.

நான்காவது, தனியார் கல்லூரிதான் வழி என்றால் அவசரப்படாதீர்கள். மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளை படிக்கப்போகும் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்று பாருங்கள். மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் அதில் எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். யு.பி.யு. முடிவு வரும் முன் கையெழுத்து கேட்கிறவரிடம் ஏன் இந்த அவசரம் என்று கேளுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். "பெண் பிள்ளையைக் கிளந்தானுக்கு அனுப்புவதா? சரவாக்கா? வேண்டாம்" என்று பட்டியலைக் கிழிப்பது நாம்தான். நம் பாட்டன் பாட்டி மொழி தெரியாத நாட்டுக்குக் கப்பலேறி வந்து ரப்பர் மரம் வெட்டினார்கள். அவர்களின் பேத்தி அரசாங்க விடுதியில் தங்கிப் படிக்க பஸ் ஏறக்கூடாதா? தூரத்துக்குப் பயந்து வீட்டுப் பக்கத்தில் கடனை வாங்குகிறோம். தூரம் சில ஆண்டுகளில் முடியும். கடன் முடியுமா?

"இருக்கிற இடத்தை வைத்துச் சமாளிக்கச் சொல்கிறீர்களே, உரிமைப் போராட்டம் என்ன ஆனது?" என்று சிலர் கேட்பார்கள். போராட்டமே இங்கேதான் தொடங்குகிறது! இரண்டு தேர்வு மட்டும் போட்டு இடம் கிடைக்காமல் போனால், "உங்கள் பிள்ளை சரியாக விண்ணப்பிக்கவில்லை" என்று அதிகாரி ஒரே வரியில் முடித்துவிடுவார். பன்னிரண்டையும் தகுதி பார்த்து நிரப்பி, சராசரிக்கு மேல் மெரிட் வைத்திருந்தும் இடம் மறுக்கப்பட்டால், அது நம் கையில் உள்ள சாட்சியம். விண்ணப்பத்தையும் பதிலையும் அச்செடுத்து வையுங்கள். ராயுவான் போடுங்கள். ஒருவர் தனியாக வைத்திருக்கும் காகிதத்தைத் தள்ளிவிடலாம். நூறு குடும்பங்கள் ஒன்றாக வைத்தால் தள்ள முடியுமா?

ஒவ்வோர் ஆண்டும் தலைவர்கள் ஒரு சில மாணவர்களின் ராயுவானைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கிடைத்த சில இடங்களுக்கு மாலை, மரியாதை. நாம் கேட்பது அதுவல்ல. எத்தனை இந்திய மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு எந்தப் படிப்பில் இடம் கிடைத்தது என்ற முழுக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்! ஏழைப் பிள்ளைகளுக்கு இனம் பாராமல் இடம் கொடுங்கள்! இது சலுகையல்ல, பிச்சையுமல்ல. உரிமை!

அந்த நாள் வரும்வரை பிள்ளையைக் கடன்காரனிடம் விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. இன்று இரவே பிள்ளையோடு உட்காருங்கள். பன்னிரண்டையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

விழித்திருப்போம்! ஒன்றாக நிற்போம்!