கணக்கில் நம் கூலி. சபையில் நமக்கு இடமில்லை!

“அன்னியச் சரக்கு வந்து குவிகிறது! உள்நாட்டுத் தொழில் அழிகிறது!” என்ற கூக்குரல் டில்லியில் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. கூக்குரல் எழுப்புவோர் ஆலை முதலாளிகள். விசாரிப்போர் வர்த்தக அமைச்சகத்தின் அதிகாரிகள். வரி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நிதி அமைச்சகம். முடிவில் கோளாறு என்றால் அப்பீல் கேட்போர் நீதிபதிகள். இத்தனை வாசல்களிலும் காணப்படாத ஆள் ஒருவர்தான். அவர் தொழிலாளி.

இந்த விவகாரம் நமக்கு எதற்கு என்று குன்னூர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவரும், கோவை மில்லில் நூல் ஓட்டுபவரும் கேட்கலாம். வரி ஏறினாலும் இறங்கினாலும் அடி விழுவது நம் முதுகில்தான். ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

அன்னிய முதலாளி தன் நாட்டில் விற்கும் விலைக்கும் குறைவாக இங்கே சரக்கைக் கொண்டுவந்து கொட்டினால், அதன் மேல் தனி வரி போடலாம். இதைத்தான் பொருள் குவிப்புத் தடுப்பு வரி என்கிறார்கள். 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டமும், 1995-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு வழி சொல்கின்றன. வரி போடுமுன் உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதம் ஏற்பட்டிருக்கிறதா, அந்தச் சேதத்துக்கு இறக்குமதிதான் காரணமா என்று அதிகாரி ஆராய வேண்டும்.

சேதத்தை எதைக் கொண்டு அளப்பது? விதிகளே பட்டியல் தருகின்றன. விற்பனை, லாபம், உற்பத்தி, சரக்குத் தேக்கம் இவற்றோடு வேலைவாய்ப்பும் கூலியும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வேலை போனதும், நம் கூலி குறைந்ததும் முதலாளியின் மனுவுக்குச் சாட்சி!

சரி, அந்தச் சாட்சியைச் சொல்ல நம்மைக் கூப்பிடுவார்களா? ‘அக்கறையுள்ள தரப்பு’ யார் என்று அதே விதிகள் வரையறுக்கின்றன. ஏற்றுமதி செய்பவர் உண்டு. இறக்குமதி செய்பவர் உண்டு. அன்னிய சர்க்கார் உண்டு. உள்நாட்டு உற்பத்தியாளரும் அவர்களுடைய சங்கமும் உண்டு. தொழிற்சங்கம் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. நம் கூலி கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. நாம் வாசலில் நிற்கிறோம்.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில்கூட நிலைமை வேறு. அங்கே அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஓர் அக்கறையுள்ள தரப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சங்கமே மனுப் போடலாம். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தமும், சில நாடுகளில் தொழிலாளரோ அவர்களுடைய பிரதிநிதிகளோ இத்தகைய மனுவைக் கொடுக்கலாம், ஆதரிக்கலாம் என்பதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறது. உலகச் சட்டம் தடுக்காததை டில்லி ஏன் கொடுக்க மறுக்கிறது?

மலை மரமும் மில் பஞ்சும்

நீலகிரி மலையில் சீகையும் கற்பூர மரமும் மண்டிக் கிடப்பதைக் காண்கிறோம். புல்வெளிகளை அழித்து வனத்துறை நட்ட மரங்களில் பெரும்பகுதி, மலையடிவாரத்துச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போயிற்று. மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் பஞ்சு எடுத்தார்கள். கழிவைப் பவானி ஆறு குடித்தது. ஆலை மூடிக் கிடக்கிறது; மரம் வெட்டியவர்களும் ஆலையில் உழைத்தவர்களும் சிதறிப் போனார்கள். மலைக்கு மிச்சம் அன்னிய மரங்கள். ஆற்றுக்கு மிச்சம் நஞ்சு. இந்தச் சேதத்தை எந்த வர்த்தக விசாரணையும் அளந்ததில்லை.

அதே விஸ்கோஸ் பஞ்சுக்கு டில்லியில் நடந்த கதையைக் கேளுங்கள். சீனாவிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் வந்த பஞ்சின் மேல் 2010-இல் தடுப்பு வரி விழுந்தது. 2016-இல் மேலும் ஐந்தாண்டு நீண்டது. பாதுகாக்கப்பட்ட ‘உள்நாட்டுத் தொழில்’ எது? பிர்லா குழுமத்தின் கிராசிம் கம்பெனி! போட்டிக்கு வேறு உள்நாட்டுக் கம்பெனி இல்லை. அந்தக் கம்பெனி தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2020 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்து, 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அதை எதிர்த்து அப்பீலுக்குப் போயிற்று.

2021 ஆகஸ்டில் வரி நீங்கியது. 2022-இன் இறுதியில் இந்தோனேஷியப் பஞ்சின் மேல் மீண்டும் வரி போடும்படி வர்த்தகத் தீர்வு இயக்குநரகம் பரிந்துரைத்தது. நிதி அமைச்சகம் ஏற்கவில்லை.

வரி இருந்தால் பஞ்சு விலை கூடுகிறது என்றார்கள் நூற்பாலை முதலாளிகள். வரி போனால் பஞ்சாலைக்குச் சேதம் என்றது கம்பெனி. பஞ்சு வாங்கும் மில்காரர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல விதிகள் வாய்ப்புத் தருகின்றன. ஷிப்டு குறைந்தால் வீட்டுக்கு அனுப்பப்படும் நூற்பாலைத் தொழிலாளியை எந்தத் தரப்பில் சேர்ப்பது? பஞ்சாலைத் தொழிலாளியை எந்தத் தரப்பில் சேர்ப்பது? இரண்டு முதலாளிகள் பேசினார்கள். இரண்டு தொழிலாளிகளும் ஊமையாக்கப்பட்டார்கள்.

நீதிமன்றம் சொன்ன நியாயம்

அதிகாரியின் முடிவு பிடிக்காதவர் 90 நாளுக்குள் சுங்கத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம். உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம். இந்த வழியில் நல்ல தீர்ப்புகள் வந்திருப்பதை மறுக்கவில்லை.

2006-இல் ரிலையன்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், இந்த அதிகாரியின் வேலை நீதிமன்றத்தை ஒத்தது, ரகசியம் என்று சொல்லி எல்லாக் கணக்கையும் மூடி வைக்கக் கூடாது என்றது. 2011-இல் டயர் உற்பத்தியாளர் சங்க வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது. தரப்பினரின் வாதத்தைக் கேட்டவர் ஓர் அதிகாரி. அவர் மாறிப் போன பிறகு முடிவு எழுதியவர் வேறோர் அதிகாரி. இது இயற்கை நீதிக்கு விரோதம் என்று நீதிமன்றம் கூறியது.

நல்ல நியாயம்! டயர் முதலாளியின் வாதத்தை நேரில் கேட்காத அதிகாரி முடிவு எழுதுவது அநீதி என்றால், ஒரு நாளும் கூப்பிடப்படாத தொழிலாளியின் வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் முடிவு எழுதுவது எந்த ஊர் நீதி?

அப்பீலில் ஜெயித்தாலே போதாது என்பதற்குக் கனடா மர வழக்கு சாட்சி. கனடாவின் அறுத்த மரம் தங்கள் தொழிலுக்குச் சேதம் விளைவிக்கும் என்று 2002-இல் அமெரிக்கக் கமிஷன் முடிவு செய்தது. சேதம் நேர்ந்துவிட்டது என்றல்ல, நேரக்கூடும் என்றுதான் சொன்னது. இரு நாட்டு நிபுணர் குழு அந்த முடிவைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பியது. 2004-இல் கமிஷன் பின்வாங்கியது. ஆனாலும் வசூலித்த பணத்தை அமெரிக்கா உடனே விடவில்லை. 2006-இல் பேரம் பேசி முடித்தார்கள். சுமார் 500 கோடி டாலரில் 400 கோடியளவு திரும்பிற்று. அமெரிக்க மர முதலாளிகளின் கூட்டணிக்கு 50 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. இல்லாத சேதத்துக்கு இத்தனை பெரிய இழப்பீடு!

தேயிலைக்கு யார் மனுப் போடுவது?

1998 டிசம்பரில் இலங்கையோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ தேயிலை சலுகை வரியில் வர வழி பிறந்தது. சோவியத் சந்தை மறைந்ததால் ஏற்கெனவே தள்ளாடிய நீலகிரியில், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பசுந்தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் சேத மனுப் போட முடியுமா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவைக் காட்ட வேண்டும் என்கிறது விதி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஆயிரமாயிரம் பேர் எங்கே கணக்கெழுதுவது? கொழுந்து விற்பவரை ‘உற்பத்தியாளர்’ என்று ஒப்புவார்களா, தூள் அரைக்கும் பாக்டரிக்காரரைத்தான் ஒப்புவார்களா?

இது மலைமக்களுக்குப் புதிதல்ல. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். அந்தத் தலைகளுக்கு வாய் உண்டென்று யாரும் நினைக்கவில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று கொழுந்து பறிக்கிறார்கள். அன்று ஆளைக் கேட்காமல் ஒப்பந்தம். இன்று ஆளைக் கேட்காமல் விசாரணை!

“தொழிற்சங்கம் உள்ளே வந்தால் முதலாளிக்கே தாளம் போடும்” என்பார் சிலர். முதலாளியின் மூடிய கணக்கை உடைத்துக் கேட்க உள்ளே இருப்பவனால்தான் முடியும். லாபம் குறைந்தது இறக்குமதியாலா, நிர்வாகக் கொள்ளையாலா என்பதை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவன் அறிவான். “விசாரணை இழுபடும்” என்பார் வேறு சிலர். வக்கீல் படையோடு வரும் கம்பெனிகளால் இழுபடாத விசாரணை, ஒரு சங்கச் செயலாளரின் சாட்சியால் இழுபட்டுவிடுமா?

வரியே கூடாது என்பது நம் வாதமல்ல. அன்னியக் கொள்ளையைத் தடுக்க வரி தேவைப்படும் நேரம் உண்டு. அந்த வரி உள்நாட்டு ஏகபோகத்துக்கு வேலியாகிவிடக் கூடாது என்பதே நம் வாதம்.

ஆகவே நாம் கோருவது இவை: 1995-ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தித் தொழிற்சங்கங்களையும் சிறு விவசாயிகள் சங்கங்களையும் அக்கறையுள்ள தரப்பாகச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு அப்பீல் உரிமை வேண்டும். சேதம் என்று சொல்லி வரிப் பாதுகாப்புப் பெறும் கம்பெனி, அந்த வரி நீடிக்கும் வரை ஆட்குறைப்புச் செய்யவோ கூலியைக் குறைக்கவோ கூடாது என்று நிபந்தனை போட வேண்டும்.

மில் கேட்டுக் கூட்டங்களிலும் எஸ்டேட் லயங்களிலும் இதைப் பேசுவோம். சங்கங்கள் தீர்மானம் போட்டு வர்த்தக அமைச்சகத்துக்கு அனுப்பட்டும். நம் கூலியைக் கணக்கில் எழுதுகிறவர்கள், நம் குரலையும் குறிப்பில் எழுதட்டும்!