விளையாடினால் கல்லூரி இலவசமா?



ஓடத் தெரிந்த பிள்ளைக்கும் பந்து உதைக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அமெரிக்காவில் படிப்பு இலவசம் என்றொரு பேச்சு நம் வட்டாரங்களில் அடிபடுகிறது. ஏஜெண்டுகள் படம் போட்ட தாள்களைக் காட்டுகிறார்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தாவது பிள்ளையை அனுப்பிவிடலாமா என்று தகப்பன்மார் யோசிக்கிறார்கள். அந்தத் தாள்களில் வருவது பெரும்பாலும் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்னும் சமூகக் கல்லூரி. அங்கே விளையாட என்ன தகுதி வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் 2001 முதல் நடந்துவரும் கோலெஜ் கொமுனிட்டி கைத்தொழில் பயிற்சிக்கானது. சிங்கப்பூரின் ஜூனியர் காலேஜ் ஏ லெவல் தேர்வுக்கானது. அமெரிக்காவின் சமூகக் கல்லூரி இரண்டு ஆண்டுப் படிப்பு. அதை முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் மூத்தது 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கப்பட்டது. முன்பு இவற்றையும் ஜூனியர் காலேஜ் என்றே அழைத்தார்கள்.

இந்தக் கல்லூரிகளைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். கறுப்பின வீரர்களுக்கு அடைபட்டுக் கிடந்த மேஜர் லீக் பேஸ்பால் கதவை 1947-இல் திறந்த ஜாக்கி ராபின்சன், பசடினா ஜூனியர் கல்லூரியில் விளையாடிவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போனார். கலிபோர்னியா கல்லூரிகளில் நம் பிள்ளைகள் விரும்பும் காற்பந்து, ஓட்டப்பந்தயம் இருக்கின்றன. பெண்களுக்குப் பூப்பந்துகூட உண்டு.

நாட்டின் பெரும்பாலான சமூகக் கல்லூரிகளின் விளையாட்டை 1938-இல் அமைந்த தேசிய ஜூனியர் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்துகிறது. கலிபோர்னியா மாநிலத்துக் கல்லூரிகளுக்குத் தனிச் சங்கம், தனிச் சட்டம். எந்தச் சங்கம் என்று தெரியாமல் பேச்சைத் தொடங்கவே கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் விதி, பெயர்ப் பதிவு. விளையாட்டுப் பருவம் நடக்கும்போது மாணவர் குறைந்தது 12 யூனிட் பாடம் எடுத்திருக்க வேண்டும். ஒரு யூனிட் என்றால், தவணை முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாடங்கள் 3 யூனிட். ஆக, நான்கு பாடங்கள். கலிபோர்னியாவில் இந்த 12-இல் 9 யூனிட்டாவது பட்டத்துக்கோ, பல்கலைக்கழக மாற்றத்துக்கோ, அடிப்படைத் திறனைச் சீர்செய்வதற்கோ உரிய பாடமாக இருக்க வேண்டும். இலேசான பாடங்களாகப் பொறுக்கி எடுத்துக் கணக்குக் காட்ட முடியாது. கணிதம் கடினம் என்று நடுத்தவணையில் ஒரு பாடத்தைக் கைவிட்டால் 12 என்பது 9 ஆகிவிடும். அதன்பின் திடலில் இறங்க முடியாது. தகுதியற்றவரை இறக்கினால் குழு வென்ற ஆட்டமும் பறிபோகக் கூடும்.

இரண்டாம் விதி, அடுத்த பருவத்துக்கான தகுதி. ஒரு பருவம் விளையாடியவர் அதே விளையாட்டில் மறுபருவம் இறங்குவதற்கு முன் 24 யூனிட் தேறியிருக்க வேண்டும். சராசரிப் புள்ளி 2.0, அதாவது ‘சி’ நிலைக்குக் குறையக் கூடாது. இது கலிபோர்னியா கணக்கு. தேசியச் சங்கத்திலும் இதை ஒட்டிய கணக்குத்தான்.

இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். தவணைக்கு 12 வீதம் இரண்டு தவணை எடுத்தால் சரியாக 24. ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் 21 ஆகிவிடும். கோடை விடுமுறையில் பணம் கட்டி வகுப்பெடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே முடிந்த பிள்ளைகள் தவணைக்கு 15 யூனிட் எடுப்பது நல்லது. ஒரு பாடம் இடறினாலும் 12 கையில் நிற்கும்.

மூன்றாவது, பருவக் கணக்கு. சமூகக் கல்லூரியில் ஒரு விளையாட்டுக்கு இரண்டு பருவம் என்பதே நெடுங்கால வழக்கம். பருவத்தில் ஓர் ஆட்டத்தில் சில நிமிடங்கள் இறங்கினாலும் ஒரு பருவம் கழிந்ததாகிவிடலாம். பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கமோ இந்தப் பருவங்களையும் தன் கணக்கில் கழித்துவந்தது. அதை எதிர்த்து டியேகோ பாவியா என்ற அமெரிக்கக் காற்பந்து வீரர் வழக்குத் தொடுத்து, 2024 டிசம்பரில் தமக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு பெற்றார். விதிகள் அசைந்துகொண்டிருக்கும் காலம் இது. சென்ற ஆண்டு போனவர் சொன்னதை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள்.

இனி, எல்லோரும் கேட்கும் பணத்துக்கு வருவோம். தேசியச் சங்கத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவுக் கல்லூரிகள் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு வரை உதவித்தொகை தரலாம். தரலாம் என்றுதான் விதி, தந்தே தீர வேண்டும் என்றில்லை. இரண்டாம் பிரிவு கட்டணத்தோடும் புத்தகத்தோடும் நின்றுவிடும். தங்குவதும் உண்பதும் நம் செலவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. கலிபோர்னியா சமூகக் கல்லூரிகளிலும் அப்படியே, விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதற்கு விதியே இடம் தரவில்லை. எனவே, “கலிபோர்னியா சமூகக் கல்லூரியில் முழு விளையாட்டு உதவித்தொகை” என்று யாராவது சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் பணம் கொடுக்கக் கூடாது. அயல்நாட்டு மாணவருக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைவிடக் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, அங்கேயே பிறந்த பிள்ளைக்கு இல்லாத ஆபத்து, நம் பிள்ளைக்கு உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அதற்கும் 12 யூனிட்தான் அளவு. இணைய வழிப் பாடங்களில் ஒரு தவணைக்கு ஒன்றுதான், 3 யூனிட் வரைதான், அந்தக் கணக்கில் சேரும். அயல்நாட்டு மாணவருக்கான அதிகாரியின் அனுமதியில்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு 12-க்குக் கீழே போனால், உள்ளூர்ப் பிள்ளை ஆட்டத்தை மட்டும் இழப்பான். நம் பிள்ளை நாட்டில் தங்கும் உரிமையையே இழக்கலாம். வேலை செய்து சமாளிக்கலாம் என்றால், வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான்.

பெற்றோர்களே, கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கல்லூரி எந்தச் சங்கத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது? உதவித்தொகை எவ்வளவு, எத்தனை தவணைக்கு? காயம்பட்டு விளையாட முடியாமல் போனால் அது தொடருமா? அங்கே எடுக்கும் யூனிட்டுகளை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்? பதில்கள் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வரவேண்டும். ஏஜெண்டின் வாய்ச்சொல்லும் பயிற்சியாளர் கைப்பேசியில் அனுப்பும் செய்தியும் போதா.

மாணவமணிகளே, உங்களுக்கும் ஒரு சொல். பயிற்சியாளருக்கு உங்கள் கால் வேண்டும். ஆனால் அந்தக் காலைத் திடலில் வைக்க அனுமதி தருவது பாடப் பதிவேடு. எஸ்.பி.எம். வகுப்பில் இப்போதே ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஊன்றிப் படியுங்கள். இரண்டு பருவ ஆட்டம் முடிந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகும் அந்த யூனிட்டுகள் உங்கள் பெயரில் இருக்கும். அவற்றைக் கொண்டுதான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார முடியும்.